இது அன்பு அல்ல

ஆசிரியருக்கு,

நட்சத்திரத்தின் மீது வெறிகொண்ட ரசிகனைப் பற்றிய திரில்லர் படங்கள் குறித்து உங்கள் சினிமா பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2016இல் வந்த இந்திப் படம் 'ஃபேன்'இல் ஷாருக் கானே நட்சத்திரமாகவும் ரசிகனாகவும் நடித்ததைக் கட்டுரை பாராட்டுகிறது. சரிதான். ஆனால் அந்த ரசிகனின் நிலையை 'அளவு மீறிய அன்பு' என்று எழுதியதை ஏற்க முடியவில்லை. அது அன்பு அல்ல, அந்த நட்சத்திரம் தனக்குக் கடன்பட்டவர் என்ற நினைப்பு. 1989இல் அமெரிக்க நடிகை ரெபேக்கா ஷாஃபரை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றவனும் ஒரு ரசிகன்தான். அடுத்த ஆண்டே கலிபோர்னியாவில் ஒருவரை விடாமல் பின்தொடர்ந்து தொல்லை தருவதைக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது.

எங்கள் தெருப் பையன் ஒருவன் மாங்கூழ் ஆலையில் ஒரு சீசன் முழுக்க வேலை செய்து சேர்த்த பணத்தில் சென்னைக்குப் போய், ஒரு நடிகரின் வீட்டு முன்னால் மூன்று நாள் நின்றான். பார்க்க முடியவில்லை. திரும்பி வந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை, "அவர் என்னை ஏமாத்திட்டார்ணா." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனை இன்னார் என்றே அறியாத ஒருவர் எப்படி ஏமாற்ற முடியும்? அப்புறம் அவனோடு பல மாலைகள் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. இப்போது தேறிவிட்டான்.

புகையிலை எச்சரிக்கை போடுவதுபோல, இத்தகைய படங்களுக்கு முன் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கிருஷ்ணகிரி, தருமபுரி திரையரங்குகள் திரையில் காட்டலாம். ரசிகர் மன்றத்தினரும் தங்கள் பேனர்களின் ஓரத்தில் அதை அச்சிடலாம்.

- ஒரு வாசகர், காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்