படிவத்தில் இருக்கும் பெயரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயில் எழுதுவது பற்றி நம் நாளிதழில் அவ்வப்போது வரும் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் நான். பயனுள்ளவைதான், மறுக்கவில்லை. ஆனால் எல்லாமே அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு வீடு என்று இருக்கும் குடும்பத்தை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. இன்றைக்கு மறுமணம் இருக்கிறது, முதல் திருமணத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள், பதிவு செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள், சொத்திலும் பாதி கண்ணுக்குத் தெரியாத கணக்குகளில் கிடக்கிறது. இவர்களுக்காகவும் யாராவது எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

என் அண்ணன் போன வருடம் தூக்கத்திலேயே போய்விட்டார். 54 வயது. உயில் எழுதி வைத்திருந்தார், சாட்சிக் கையெழுத்தெல்லாம் சரியாக இருந்தது, அதனால் பெரிதாக அலைச்சல் இருக்காது என்று நினைத்தோம். ஆனால் பழைய ஆயுள் காப்பீட்டில் நாமினியாக இருந்தது எங்கள் அம்மா. அம்மா இறந்து 9 வருடம் ஆகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிரப்பிக் கொடுத்த ஓய்வூதியப் படிவத்தில் முதல் மனைவியின் பெயர் அப்படியே இருந்தது. இதையெல்லாம்விட மனசை அறுத்தது இன்னொன்று. இப்போதைய அண்ணியின் மகளை 6 வயதிலிருந்து அவர்தான் வளர்த்தார், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதெல்லாம் அவர்தான், ஆனால் சட்டப்படி தத்து எடுக்கவில்லை. உயிலில் ‘என் பிள்ளைகளுக்கு’ என்று எழுதியிருந்தார், பெயர் போடவில்லை. அந்தச் சொல்லுக்குள் அவள் வரமாட்டாள் என்று வக்கீல் சொன்னபோது அந்தப் பெண் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பணத்துக்காக அவள் அழவில்லை. அப்புறம் அண்ணனின் மகன் தன் பங்கிலிருந்து தங்கைக்கென்று பிரித்துக் கொடுத்தான். அவனுக்கு அந்த மனசு இல்லாமல் போயிருந்தால் நாங்கள் யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது.

நான் சொல்ல வந்ததே இதுதான்: உயிலை எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள், படிவங்களில் யார் பெயர் இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். பல நாடுகளில் காப்பீடு, ஓய்வூதிய நிதி, கூட்டுக் கணக்கு இவையெல்லாம் உயிலுக்குள் வருவதே இல்லை, படிவத்தில் பெயர் உள்ளவருக்கு நேராகப் போய்விடும். அமெரிக்காவில் ஒருவர் 1994-ல் விவாகரத்து ஆகி இரண்டு மூன்று மாதத்தில் விபத்தில் இறந்துபோனார். வேலை பார்த்த இடத்துக் காப்பீட்டில் முன்னாள் மனைவியின் பெயரை மாற்றாமல் விட்டிருந்தார். அவருடைய பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள், உச்ச நீதிமன்றம் வரை போனது, 2001-ல் பணம் முன்னாள் மனைவிக்கே என்று தீர்ப்பாயிற்று. 2009-ல் அதே நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. அதில் இறந்தவரின் முன்னாள் மனைவி விவாகரத்தின்போதே எனக்கு இந்தப் பணத்தில் உரிமை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்திருந்தார், அப்படியும் படிவத்தில் இருந்த பெயரே செல்லும் என்றார்கள்.

இந்தியாவில் கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் கதை தலைகீழ். பங்குகளுக்கு நாமினியாக இருப்பவர் அதை வாங்கி வைத்திருந்து வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவர் மட்டுமே, சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொன்னது. ஆக ஒரு நாட்டில் உயிலையே தாண்டிவிடும் பெயர், இன்னொரு நாட்டில் வெறும் பொறுப்பாளர். இரண்டு நாட்டிலும் கணக்கு வைத்திருப்பவர்கள் ஒரு நாட்டு நினைப்பில் இன்னொரு நாட்டுப் படிவத்தை நிரப்பிவிடுகிறார்கள்.

கூட்டுக் கணக்கு பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் ஆரம்பித்து உடன்பிறந்தவர்களைப் பேச்சு இல்லாமல் ஆக்குவது பெரும்பாலும் இதுதான். வயதான அப்பாவால் வங்கிக்குப் போக முடியவில்லை, பக்கத்தில் இருக்கும் மகளின் பெயரைச் சேர்க்கிறார், வசதிக்காக மட்டும்தான். அவர் போன பிறகு ‘உயிருடன் இருப்பவருக்கே’ என்ற விதிப்படி மொத்தமும் மகளுக்கு என்று வங்கி சொல்கிறது, தூரத்தில் இருக்கும் மகன் அக்கா ஏமாற்றிவிட்டாள் என்கிறான், அவள் இத்தனை வருடம் பார்த்துக்கொண்டது யார் என்று கேட்கிறாள். இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம் வராது. பெயரைச் சேர்த்த அன்றே, இது வசதிக்கா அல்லது உனக்கே உனக்கா என்று அப்பா ஒரு வரி எழுதி இருவருக்கும் காட்டியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது. பவர் எழுதிக் கொடுத்திருக்கிறேனே, போதாதா என்பார்கள் சிலர். பவர் கொடுத்தவர் இறந்த நிமிடமே அது செல்லாது.

உயிலுக்குள்ளேயும் பள்ளங்கள் உண்டு. இங்கிலாந்துச் சட்டத்தில் நீங்கள் மறுமணம் செய்துகொண்டாலே, அந்தத் திருமணத்தை எதிர்பார்த்து எழுதியதாக இருந்தால் ஒழிய, பழைய உயில் ரத்தாகிவிடும். அங்கே பதிவுத் திருமணம் இல்லாமல் இருபது வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் உயில் இல்லையென்றால் துணைக்குத் தானாக எதுவும் வராது, நீதிமன்றத்துக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். பிரான்சில் எல்லாம் மனைவிக்கே என்று எழுதிவிட முடியாது, ஒரு பிள்ளை இருந்தால் சொத்தில் பாதி, இரண்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கென்று சட்டமே ஒதுக்கிவிடுகிறது.

மறுமணம் செய்தவர்கள் ‘எனக்குப் பிறகு மனைவிக்கு, அவளுக்குப் பிறகு என் பிள்ளைகளுக்கு’ என்று வாயால் சொல்லி வைப்பதைப் பார்க்கிறேன். மனைவி பெயருக்கு முழுதாகப் போன சொத்தை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம், அது அவர் உரிமை. வீட்டில் கடைசி வரை குடியிருக்கும் உரிமை மட்டும் துணைக்கு, அதன் பிறகு வீடு இன்னார் இன்னாருக்கு என்று ஆயுட்கால அனுபவ உரிமையாக எழுத வழி இருக்கிறது. வக்கீலிடம் இதை நீங்களாகக் கேளுங்கள்.

அப்புறம் கைபேசி. அண்ணனின் கைபேசி இன்னும் பூட்டியே கிடக்கிறது, அதில் பணமும் இருக்கலாம், அவருடைய புகைப்படங்கள் கட்டாயம் இருக்கின்றன. இதற்குத் தீர்வு இலவசமாகவே இருக்கிறது. கூகுளில் 2013-லிருந்து ஒரு வசதி உண்டு, நீங்கள் குறிப்பிட்ட மாதங்கள் கணக்கைத் தொடாமல் இருந்தால் நீங்கள் சொன்ன ஆட்களுக்குத் தகவல் போகும், அனுமதித்தவற்றை அவர்கள் இறக்கிக்கொள்ளலாம். ஆப்பிள் 2021 கடைசியில் இதேபோல ஒன்றைக் கொண்டுவந்தது, அதற்கு நீங்கள் முன்கூட்டியே கொடுத்து வைக்கும் குறியீடும் இறப்புச் சான்றிதழும் வேண்டும். பத்து நிமிட வேலை. கிரிப்டோ வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பாகச் சொல்வேன்: கணக்கைத் திறக்கும் சாவியாகக் கொடுக்கப்படும் அந்த 12 அல்லது 24 சொற்கள் தொலைந்தால் எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது. ஆனால் அதை உயிலில் எழுதாதீர்கள், பல நாடுகளில் நீதிமன்றத்துக்குப் போன உயிலை யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். உயில் எந்த இடத்தில் இருக்கிறது என்றும் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். பாடகி அரீத்தா ஃபிராங்க்ளின் 2018-ல் இறந்தார், கையால் எழுதிய உயில் அடுத்த வருடம் சோபா மெத்தைக்கு அடியில் கிடைத்தது, அது செல்லும் என்று முடிவாக 2023 ஆகிவிட்டது, அதுவரை மகன்களுக்குள் வழக்கு.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாசகர்கள் வெட்டி வைத்துக்கொள்ளும்படி அரைப் பக்கத்துக்கு ஒரு வெற்றுப் படிவம் அச்சிடுங்கள். எந்தக் கணக்கு, எங்கே, அதில் இப்போது யார் பெயர், அந்தப் பெயர் இன்னும் சரியா, கடைசியாகப் பார்த்த தேதி, இவ்வளவு கட்டங்கள் போதும். கடவுச்சொல்லுக்கு இடம் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை, அதே மாதத்தில், திரும்பவும் போடுங்கள். அண்ணி இப்போதே பென்சிலால் கோடு போட்டு அப்படி ஒரு தாள் தயார் செய்துவிட்டார், முதல் வரியில் மகளின் முழுப் பெயரை எழுதியிருக்கிறார்.

இப்படிக்கு,
நீண்ட நாள் வாசகர்