வெயிலில் திரிந்த முடி சீரம்: பணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

நான் மண்டபத்தில் நண்டு, கணவாய் வாங்கி அனுப்பும் வியாபாரி. விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும் தடைக்காலத்தில்தான் தலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. மே 9 அன்று 1,850 ரூபாய் கட்டி முடி வளர்க்கும் மருந்தான மினாக்சிடில் 5% சேர்ந்த உங்கள் நானோ சீரம் வாங்கினேன். சாதாரண மினாக்சிடில் இதைவிட மலிவு. ஆனால் மருந்தைக் கரைக்க அதில் சேர்க்கும் புரோப்பிலீன் கிளைக்கால் எனக்கு அரிப்பைக் கொடுத்தது. உங்கள் நானோ சீரத்தில் உள்ளதுபோல மருந்தை மிக நுண்ணிய கொழுப்புத் துகளுக்குள் பொதிந்து, மயிர்க்கால் துவாரத்தில் தங்கவைத்து, மெல்ல மெல்ல வெளியே விடுவது நல்ல யோசனைதான். அதில் எனக்குக் குறையில்லை.

பார்சல் ஆறு நாள் கழித்து, அக்னி நட்சத்திர வெயிலில், வெறும் அட்டைப்பெட்டியில் வந்தது. பாட்டிலிலோ '25 டிகிரிக்குக் கீழே வைக்கவும்' என்று போட்டிருக்கிறது! திறந்தால் மேலே தண்ணீர், அடியில் வெள்ளையாகத் திப்பி. விரலில் தேய்த்தால் மணல் போல நெருடியது.

உங்கள் எண்ணுக்கு அழைத்தேன். "நல்லா குலுக்கிட்டுத் தேய்ங்க சார்" என்றார் பேசிய பெண். மதுரையில் பி.ஃபார்ம் படிக்கும் என் தங்கை மகளிடம் சொன்னேன், சிரித்துவிட்டாள். சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிவிட்டால் குலுக்கினாலும் பழையபடி பிரியாதாம். கொழுப்பு இளகி மறுபடி உறையும்போது உள்ளே இருந்த மருந்தையே வெளியே தள்ளிவிடவும் கூடுமாம். மயிர்க்காலுக்குள் இறங்க வேண்டிய துகள் சில நூறு நானோமீட்டர்தான். கண்ணுக்கே தெரிகிற திப்பி எங்கே இறங்கும்?

நான் பத்துக் கிலோ நண்டு அனுப்பினாலும் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுத்தான் வண்டியில் ஏற்றுகிறேன். ஐஸ் கரைந்து நண்டு நாறினால், வாங்கியவரிடம் "குலுக்கிச் சமையுங்கள்" என்று சொன்னால் விடுவாரா?

அப்புறம் இன்னொன்று. மூன்றே வாரத்தில் முடி முளைக்கும் என்று விளம்பரத்தில் சொல்கிறீர்கள். மினாக்சிடில் பலன் தெரிய பொதுவாக இரண்டு முதல் நான்கு மாதம் ஆகும். தொடக்கத்தில் சிலருக்கு முடி கூடுதலாகவே கொட்டும். பெட்டியில் இதைப்பற்றி ஒரு வரி கூட இல்லை.

பில், பாட்டிலின் படம், பேட்ச் எண் மூன்றையும் இணைத்திருக்கிறேன். மாற்று பாட்டில் வேண்டாம், அதுவும் இதே வெயிலில்தான் வரும். 15 நாளுக்குள் முழுப் பணத்தையும் திருப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பாட்டிலைத் தூக்கிப் போடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மண்டபம் வாடிக்கையாளர்