வருமுன்னே ஒரு புகழ்ச்சி

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். என் மூட்டுவலிதான் போவதாக இல்லை. பாடகர் குழுவில் எனக்கென்று ஒரு நாற்காலியே போட்டுவிட்டார்கள்.

கிறிஸ்துமஸை எதிர்நோக்கும் திருவருகைக் காலத்தின் பாட்டெல்லாம் ஒரே இழுவை, டிசம்பர் பிறந்ததுமே கிறிஸ்துமஸ் பாட்டைத் தொடங்கினால் என்ன என்று கேட்டிருந்தாய். இந்த நாட்களில் ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாட்டு இல்லையே என்ற வருத்தம் வேறு உனக்கு. சரி, அல்லேலூயாவை யாராவது நிறுத்தினார்களா? ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில்தானே அது நிற்கும்? இது துக்கம் காக்கிற காலம் இல்லையப்பா.

எனக்கோ வயது ஏற ஏற இந்தப் பழைய பாட்டுகள்மேல் பித்து கூடுகிறது. டிசம்பர் 17 முதல் 23 வரை மாலைப் புகழ் என்ற சாயங்கால ஜெபத்தில் மரியாவின் பாடலோடு வரும் 'ஓ' முன்மொழிகளை, அதாவது 'ஓ' என்று தொடங்கும் சிறு பாட்டுகளை, எடுத்துக்கொள். நாளுக்கு ஒன்றாக ஏழு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் திருச்சபை பாடி வருகிறது. ஏழுக்கும் போக்கு ஒன்றுதான்: முதலில் இயேசுவை ஞானமே, இம்மானுவேலே என்று பெயர் சொல்லி அழைப்பது, பிறகு அவருடைய பெருமையைச் சொல்வது, கடைசியில்தான் 'வாரும்'. 20ஆம் தேதிக்கு உரியது அவரைத் தாவீதின் திறவுகோலே என்று அழைப்பது. நீர் திறந்தால் பூட்டுவார் இல்லை, பூட்டினால் திறப்பார் இல்லை. வந்து, இருளிலும் சாவின் நிழலிலும் உட்கார்ந்திருக்கும் கைதியை வெளியே கொண்டுவாரும் என்று போகும். பாடுகிறவன் இன்னும் சிறைக்குள்தான் இருக்கிறான், கதவு அசையக்கூட இல்லை. அதற்குள் புகழ்ந்து முடித்துவிட்டான்! என் ஜெபமெல்லாம் தலைகீழ். விண்ணப்பப் பட்டியலை முதலில் நீட்டுவேன். புகழ்ச்சி, நேரம் இருந்தால்.

மிலான் ஆயர் அம்புரோசியாரின் கதையும் இதே ரகம். 386இல் அரசி யுஸ்தினா, இயேசு தந்தைக்குச் சமமானவர் அல்ல என்ற ஆரியுஸின் கொள்கைக்காரர்களுக்காக ஆலயத்தைக் கேட்டு நெருக்க, மக்கள் ஆயரோடு சாகவும் துணிந்து ஆலயத்துக்குள்ளேயே இரவெல்லாம் விழித்திருந்தார்கள். அவர்கள் சோர்ந்துபோகாதிருக்கத்தான் கீழை நாடுகளின் முறைப்படி பாட்டும் சங்கீதமும் பாடும் வழக்கம் அங்கே தொடங்கியதாம். புனித அகுஸ்தினார் தம் தன்வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார். காவல் இருந்தவர்களில் அவர் தாய் மோனிக்காவும் ஒருவர். அந்த அம்புரோசியார் எழுதியதுதான் 'மக்களினங்களின் மீட்பரே, வாரும்' என்ற பாட்டு. அடிக்கு எட்டே அசை, நாலடிக்கு ஒரு கண்ணி. எழுத்தறியாதவனும் இரண்டு முறை கேட்டால் பாடிவிடலாம். 1524இல், புராட்டஸ்டண்டு பிரிவுக்கு வழிவகுத்த லூத்தர் அதை ஜெர்மன் மொழிக்குக் கொண்டுபோனார், பின்னாளில் இசைமேதை பாக் அதை வைத்து இசை அமைத்தார். சபைகள் பிரிந்தபோதும் பாட்டு பிரியவில்லை பார்!

நீ சொல்கிற இழுவை எங்கள் குழுவிலும் உண்டு, மறுக்கவில்லை. குற்றம் பாட்டில் இல்லை. பேசுகிற வேகத்தில், மூச்சு முடிகிற இடத்தில் நிறுத்திப் பாடவேண்டியதை நாம் ஒப்பாரி மாதிரி நீட்டுகிறோம். அதிலும் ஆர்கன் வாசிக்கிற தம்பி ஒவ்வொரு அடிக்கும் ஒரு சுற்று கூடுதலாக வாசிப்பான். அவனிடம் யார் சொல்வது?

அப்புறம், கண்ணுக்குச் சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. 17ஆம் தேதி சாயங்காலம் போன் செய்கிறேன், முதல் முன்மொழியைச் சேர்ந்து பாடுவோம். நீயே எடு, எனக்கு இப்போதெல்லாம் சுருதி நிற்பதில்லை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்