புரட்டாசிக்குள் செம்மண் இறங்க வேண்டும்: பூப்பந்து மைதானத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

பேரன்புடையீர், வணக்கம்.

மைதானத்து மேற்கு மூலைப் பிள்ளையாரை வணங்கித் தொடங்குகிறோம். விஷயம் அவசரம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: மைதானத்தைச் சீரமைக்க இன்னும் 1,87,100 ரூபாய் குறைகிறது. பேசிய விலையைப் புரட்டாசி 15 வரைதான் மாற்றாமல் வைத்திருப்பேன் என்று செம்மண் லாரிக்காரர் சொல்லிவிட்டார். அவர் பொறுத்தாலும் மழை பொறுக்காது. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் வாய்க்கால் கரைப் பாதையில் லாரி இறங்காது, இறங்கினால் ஏறாது.

போன பொங்கல் போட்டியின் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு நாங்கள் எதுவும் விளக்க வேண்டியதில்லை. அறுவடை நேரத்தில் பெய்த மழை வயலையும் கெடுத்தது, கோர்ட்டையும் கெடுத்தது. மூன்றாவது செட் நடுவில் பந்து ஓரத்துச் சேற்றில் போய் விழுந்தது. வெளியூர் அணித் தலைவர் அதை எடுத்து ஈரத்துணியைப் பிழிவதுபோலப் பிழிந்து, சொட்டும் தண்ணீரை நடுவரிடம் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. நம் பூப்பந்து (பால் பேட்மிண்டன்) இறகுப்பந்து அல்ல, கம்பளி நூல் பந்து, 27 முதல் 30 கிராம்தான் இருக்க வேண்டும். தண்ணீர் குடித்தால் கல்லாகிவிடும். கோப்பையை இரு அணிகளுக்கும் பொதுவாகக் கொடுத்து அனுப்பினோம். அன்று ராத்திரி கமிட்டியில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இந்த ஆட்டம் நம் தஞ்சாவூர்ச் சீமையின் ஆட்டம். 1856 வாக்கிலேயே அரச குடும்பத்தார் ஆடியது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசு இல்லாமல் காலமாகி, அந்தச் சாக்கில் கம்பெனிக்காரன் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டான். “ராஜ்யம் போச்சு, பந்து தங்கிச்சு” என்று நம் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆண்டுக்கூட்டம்தோறும் சொல்வார். நாங்களும் புதிதாகக் கேட்பதுபோலக் கைதட்டுவோம். துரைமார்கள் 1895இல் கொடைக்கானலில் கோல்ஃப் கிளப் தொடங்கினார்கள். அதற்கு மலை வேண்டும், புல்வெளி வேண்டும், மட்டையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்க ஓர் ஆள் வேண்டும். நமக்கு 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், நடுவில் ஒரு வலை, பக்கத்துக்கு ஐந்து பேர். அவ்வளவுதான். அதனால்தான் அரண்மனையிலிருந்து அக்ரஹாரத்துக்கும், அங்கிருந்து களத்துமேட்டுக்கும் வந்து சேர்ந்தது. அகில இந்தியப் பூப்பந்துச் சம்மேளனம் 1954இல்தான் உருவானது. நம் பெரியவர்கள் அதற்கு முன்பே இங்கே சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடியவர்கள். 1952 நவம்பர் புயலில் மைதானத்து அரசமரம் சாய்ந்தபோது, வேரை வெட்டி அப்புறப்படுத்தி, பள்ளத்தை மூடி, அதே தையில் போட்டி நடத்தியிருக்கிறார்கள். அவர்களிடம் ஜேசிபியா இருந்தது? மூலையில் கிடக்கிறதே கல் உருளை, அதுதான் இருந்தது.

செட்டுக்கு 29 பாயிண்ட் என்றிருந்த காலத்தில் இங்கே ஆடி, அந்தச் சான்றிதழைக் காட்டி ரயில்வேயிலும் ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலும் வேலைக்குப் போனவர்கள் உண்டு. இப்போது 35 பாயிண்ட். அவர்களில் சிலருக்குப் பென்ஷனும் வந்துவிட்டது. மைதானத்துக்கு எதுவும் வரவில்லை.

நம்முடையது வெண்ணாற்றுப் பாசன மண். நெல்லுக்குத் தங்கம், கோர்ட்டுக்கு ஆகாது. கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வல்லம் பக்கத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து அரை அடி உயர்த்துகிறோம். லோடு 8,500 வீதம் 14 லோடுக்கு 1,19,000 ரூபாய். ஜேசிபி வாடகை 21,600. கம்பம், வலை 24,000. வடிகாலும் வாய்க்கால் பக்கத்துத் தடுப்புச் சுவரும் 1,40,000. மின்விளக்கு, கம்பங்களோடு 2,35,000. விளக்கு ஆடம்பரம் என்று ஒருவர் சொன்னாராம். சாயங்காலம் பள்ளி விட்டு வரும் 11 பெண்பிள்ளைகள் பேட்டைக் கையில் எடுப்பதற்குள் இருட்டிவிடுகிறது. வந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். ஆக மொத்தம் 5,39,600. கையில் இருப்பது 3,52,500.

அந்த மூன்றரை லட்சம் சும்மா வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் நம் பழைய சென்டர் ஆட்டக்காரர் கேட்காமலே ஒரு லட்சம் அனுப்பினார். கஜா புயலில் தென்னந்தோப்பு முழுவதையும் இழந்த அண்ணன் ஒருவர் 10,000 கொடுத்தார். வேண்டாம் என்றோம், கோபித்துக்கொண்டார். அதே புயலில் பறந்த நம் கொட்டகைத் தகரத்தை 2018இல் தேடி எடுத்துவந்து மறுபடி அடித்துக் கொடுத்தவரும் அவரே. கடைத்தெரு டீக்கடைக்காரர் தினம் 50 ரூபாய் தனி டப்பாவில் போட்டு, ஆடிப்பெருக்கன்று டப்பாவோடு கொண்டுவந்து வைத்தார். நூறுநாள் வேலைக்குப் போகும் அக்காமார் ஆளுக்கு 100 போட்டார்கள். இவர்கள் எல்லோருக்கும் கமிட்டி கைகூப்பி நன்றி சொல்கிறது. பிள்ளையார் இவர்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

அப்புறம், சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. பொங்கல் மேடையில் மைக்கைப் பிடித்துத் தொகை அறிவித்தவர்கள் ஒன்பது பேர். சால்வை போர்த்தினோம், ஊரே கைதட்டியது. நோட்டில் அவர்கள் பெயருக்கு நேரே இன்னும் வெறுமையாக இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. ஒன்பது பேரும் சொன்னபடி கொடுத்தாலே 90,000 வந்துவிடும். பாதிப் பாரம் இறங்கிவிடும்.

ஆயிரமானாலும் ஐம்பதானாலும் பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கும் வங்கிக் கணக்குக்கு அனுப்பலாம். பணமாக முடியாதவர்கள் ஒரு லோடு மண்ணை ஏற்றுக்கொள்ளலாம், அல்லது மண் பரப்பும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் மண்வெட்டியோடு வரலாம். காலை 6 மணிக்கு ஆரம்பம். டீயும் இட்லியும் கமிட்டி செலவு.

இப்படிக்கு,
மைதானச் சீரமைப்புக் கமிட்டியார்