பத்து மணிக்கு மேல் பாட்டுக் கச்சேரி

ஆசிரியருக்கு,

கும்பகோணத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு கல்யாண மண்டபம். ஆவணி முகூர்த்தம் வந்தால் எங்களுக்குத் தினமும் சிவராத்திரிதான். நாகஸ்வரத்தையும் தவிலையும் குறை சொல்லவில்லை. தஞ்சை மண்ணில் பிறந்துவிட்டு அதைச் சொல்வேனா? வரவேற்பன்று ஆளுயர ஸ்பீக்கர்களை வாசலில் அடுக்கி, இரவு பதினொன்றரை வரை அலறவிடுகிறார்களே, அதுதான் தாங்கவில்லை. எங்கள் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் தானாகக் கிணுகிணுக்கின்றன.

போய்க் கேட்டால், "வாடகைக்கு விட்டாச்சு சார், பார்ட்டிகிட்ட பேசிக்குங்க" என்கிறார் உரிமையாளர். வாடகைக்கு விட்டால் விதியும் கைமாறிவிடுமா? 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் சத்தத்தின் உச்ச வரம்பு பகலில் 55 டெசிபல் (ஒலியை அளக்கும் அலகு). இரவு 10 முதல் காலை 6 வரை 45. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிபெருக்கியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. ஒலிபெருக்கி வைக்கவே எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். விழாக்களுக்காக நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேல் இல்லை. நாமாக எடுத்துக்கொள்கிற சலுகை அல்ல அது.

முன்பண ரசீதிலேயே "இரவு 10 மணிக்கு ஸ்பீக்கர் நிறுத்தப்படும்" என்று மண்டபக்காரர்கள் அச்சடிக்கட்டும். மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்திலும் ஒன்று ஒட்டலாம்.

– ஒரு வாசகர், கும்பகோணம்