தூக்குக்கு எதுக்கு அப்பீல்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கொள்ளையடிக்கப் போன இடத்தில் கொலை, அதற்குத் தூக்கு என்று செய்தி வந்தால் எங்கள் தொண்டி டீக்கடைகளில் உடனே எழும் கேள்வி, "இவனுக்கெல்லாம் எதுக்கு அப்பீல்?" உயிரைப் பறிகொடுத்த குடும்பத்தை நினைத்தால் எனக்கும் கோபம் வரும். சரி, ஆனால் செஷன்ஸ் நீதிபதி விதித்த தூக்கு, கைதி அப்பீல் போடாவிட்டாலும், உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் நிறைவேறாது. நம் மாவட்ட வழக்கு மதுரைக் கிளைக்குப் போகும். குறைந்தது இரண்டு நீதிபதிகள் சாட்சியங்களை மறுபடி அலசுவார்கள். யார் வெட்டியது, யார் வாசலில் காவல் நின்றது என்பதில்தான் சில நேரம் ஓர் உயிரே தொங்குகிறது.

இந்தூரில் கொள்ளையின்போது மூன்று பெண்களைக் கொன்ற வழக்கில், 2022-ல் உச்ச நீதிமன்றம் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. யாரும் உடனே வெளியே வந்துவிடவில்லை. குறைந்தது 25 ஆண்டு சிறை. கைதியின் மனநலம், குடும்பப் பின்னணி, சிறை நடத்தை பற்றிய விவரங்களை விசாரணை நீதிமன்றமே கேட்டுப் பெற வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது.

சிறையில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். ஆனால் தூக்குக்கு எதிரான அப்பீலுக்குக் கெடு 30 நாள்தான். தீர்ப்புச் செய்தியோடு இதையும் இரண்டு வரி போடுங்களேன்.

- ஒரு வாசகர், தொண்டி