அனிமே பாக்கறவங்கள சட்டைய வெச்சு கண்டுபிடிக்க முடியாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க,

போன ஞாயித்துக்கெழம இணைப்புல அனிமே, அதான் ஜப்பான் கார்ட்டூன், பாக்கற ரசிகர்கள் பத்தி நீங்க போட்ட கட்டுரைய படிச்சேன். பாதி நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. ஆனா நடுவுல ஒரு பெட்டி கட்டி 'இவங்கள எப்படி கண்டுபிடிக்கறது'ன்னு போட்டீங்க பாருங்க, தொளதொளன்னு கருப்பு டீசர்ட், வெயில்லயும் ஹூடி, சீவாத தலை, பை முழுக்க பேட்ஜ், பொண்ணுங்கன்னா கலர் முடி, இப்படி வரிசையா. அத படிச்சதும் எழுதியே ஆகணும்னு உக்காந்துட்டேன், ஏன்னா அந்த கருப்பு டீசர்ட்ட அடிச்சு அனுப்பற ஊர்ல இருந்துதான் நான் எழுதறேன். திருப்பூர்ல சின்னதா ஒரு பிரிண்டிங் யூனிட்டுங்க, ஒரு டிடிஎஃப் மெஷின் (படத்த மொதல்ல ஃபிலிம்ல அடிச்சு அப்பறம் துணில ஒட்டறதுக்கு), ரெண்டு ஹீட் பிரஸ், அவ்வளவுதான்.

அந்த கருப்பு கலரு, ரசிகருங்க கேட்டு வந்ததுன்னு நெனைக்காதீங்க. டிடிஎஃப்ல ஃபிலிம்ல கலருக்கு மேல வெள்ளை இங்க் ஒரு லேயர் ஓடும், துணில ஒட்டறப்ப அந்த வெள்ளை அடில போயிரும், அதனால கருப்பு துணில படம் பளிச்சுன்னு தூக்கி நிக்கும். கடைக்காரங்களுக்கும் ஒரே கலர்ல நாலு சைஸ் வெச்சுக்கிட்டா போதும், பத்து கலர் எடுத்து பாதி தேங்கி நிக்கறதுக்கு இது எவ்வளவோ தேவல. தொளதொளப்பு கதையும் இதே மாதிரிதான். 240 ஜிஎஸ்எம் கனத்த துணில, தோள் எறங்கின டிராப் ஷோல்டர் ஓவர்சைஸ்ங்கறது கொரியா பாட்டுக்காரங்க, ராப் பாடறவங்கன்னு பல பக்கத்துல இருந்து வந்த ஃபேஷன், முதுகுல பெருசா படம் போட எடம் கெடைக்குதுன்னு டிசைன் பண்றவங்க புடிச்சுக்கிட்டாங்க. அதே டீசர்ட்ல, அதே டேபிள்ல, காலைல முருகன் வேல் போகும், மத்தியானம் புலி போகும், சாயங்காலம் அனிமே போகும். சீவாத தலைக்கு மட்டும் நாங்க பொறுப்பில்லீங்க, அது காலேஜ் பசங்க எல்லாத்துக்கும் பொதுச்சொத்து.

சரி, வாங்கறவங்களாவது எல்லாம் பாக்கறவங்களான்னா அதுவும் கெடையாது. கருப்பு துணில செகப்பு மேகம் போட்ட டிசைன் ஒன்னு ரொம்ப நாளா ஓடுது, நருட்டோங்கற அனிமேல வர்ற அகாட்சுகி கூட்டத்தோட அடையாளம் அது. காதர்பேட்டைல மொத்தமா எடுக்க வர்றவங்க 'அந்த செகப்பு பூ டிசைன் இருக்குதுங்களா'ன்னு கேப்பாங்க. அத போட்டுட்டு சுத்தற பசங்கள்ல நெறைய பேரு ஒரு எபிசோட் கூட பாத்துருக்க மாட்டாங்க, இன்ஸ்டால ஒருத்தர் போட்டுருந்தாரு, நல்லா இருந்துச்சு, வாங்கிட்டாங்க, அதுல தப்பும் இல்ல.

நெசமாவே பாக்கறவங்க எப்படி இருப்பாங்கன்னு கேட்டா எங்க செக்கிங் டேபிள்ல வேல செய்யற அக்காவத்தான் காட்டணும். அம்பது வயச நெருங்குது, பாலியஸ்டர் சேலை, மேல தூசி படாம இருக்க வீட்டுக்காரரோட பழைய சட்டை ஒன்னு மாட்டிக்கும், தலைல கனகாம்பரம். ஒரு தடவ அவசர ஆர்டர்னு ஃபிலிம வெளிய குடுத்து அடிச்சு வாங்கினோம், ஒன் பீஸ்ங்கற அனிமேல வர்ற ஸோரோங்கற ஆளோட படம், எழுத்து எதுவும் கெடையாது, வெறும் ஆளுதான். பிரஸ் பண்ணி செக்கிங்குக்கு போனதும் அக்கா ஒரு பீஸ தூக்கிட்டு வந்து 'ஏனுங்க, இவனுக்கு எடது கண்ணுலதான வெட்டுக்காயம், இதுல வலது கண்ணுல இருக்குது, கத்தி மூணும் வலப்பக்கம் தொங்கணும், கம்மலும் எடது காதுல வரணும், எல்லாம் மாறிக் கெடக்குது'ன்னுச்சு. பாத்தா ஃபிலிம் அடிச்சவங்க மிரர் பண்ணாம, அதாவது படத்த எடவலமா திருப்பி அடிக்காம விட்டுருக்காங்க, படம் மொத்தமா எடவலமா விழுந்துருக்கு. எழுத்து இருந்துருந்தா நாங்களே கண்டுபிடிச்சுருப்போம், ஆளு மட்டும்ங்கறதால எங்க யாரு கண்ணுலயும் படல. யூடியூப்ல தமிழ்ல கதை சொல்ற வீடியோவ காதுல போட்டு கேட்டுக்கிட்டே அக்கா வேல செய்யும், வீட்டுக்கு போனா பையனோட சேந்து பாக்கும். உங்க பெட்டில இருக்கற ஒரு அடையாளமாவது அந்த அக்காவுக்கு பொருந்துதாங்க?

2025 செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர்ங்கற அனிமே படம் தமிழ் டப்பிங்லயும் தியேட்டருக்கு வந்துச்சு, அக்கா பையன கூட்டிட்டு நானும் போனேன். வரிசைல பாத்தா ஆபீஸ் முடிச்சு ஐடி கார்டோட வந்தவங்க, சுடிதார்ல காலேஜ் புள்ளைங்க, கைக்கொழந்தையோட ஒரு குடும்பம், நீங்க சொன்ன கருப்பு டீசர்ட்டுல அங்கங்க ஒன்னு ரெண்டு பேரு. அந்த சமயத்துல அந்த படத்து கதாநாயகன் தான்ஜிரோ போடற பச்சை கருப்பு கட்டத்துக்கு எங்களுக்கு நல்ல ஆர்டர். அந்த கட்டத்துக்கு ஒரு கதை இருக்குதுங்க. ஜப்பான்ல இந்த கதைய புத்தகமா போடற ஷுயிஷா கம்பெனி 2020ல இதுல வர்றவங்க உடுப்பு டிசைன்களுக்கு டிரேட்மார்க் கேட்டு விண்ணப்பம் போட்டுச்சு, சிலத ஒத்துக்கிட்டாங்க, தான்ஜிரோ கட்டத்த 2021ல இது சாதாரணமா எல்லா எடத்துலயும் இருக்கற கட்டம்தானேன்னு ஒதுக்கிட்டாங்க. நம்மூர் லுங்கில இல்லாத கட்டமாங்க அது. உங்க கணக்குப்படி போனா ஈரோடு சந்தைல பாதிப்பேர அனிமே ரசிகர்னு எழுதிறணும்.

இப்படி உடுப்ப வெச்சு ஆள அளக்கறத நீங்க ஒன்னும் புதுசா ஆரம்பிக்கல. 1983ல ஜப்பான்ல நகமோரி அகியோங்கறவர் மங்கா புரிக்கோன்னு ஒரு பத்திரிகைல, ரசிகருங்களே படக்கதை புத்தகம் போட்டு விக்கற டோக்கியோ காமிக் மார்க்கெட்டுக்கு வர்ற கூட்டத்த பத்தி எழுதினாரு. சூப்பர் மார்க்கெட்ல அம்மா வாங்கியாந்த 980 யென், 1980 யென் சட்டை பேண்ட்டு, போலி பிராண்டு ஷூ, பிதுங்கற தோள்பைன்னு ஆரம்பிச்சு பொண்ணுங்களோட முடிவெட்டு, ஒடம்பு வரைக்கும் நக்கல் பண்ணி, அவங்களுக்கு ஒட்டாக்குன்னு பேரும் வெச்சாரு. அந்த மார்க்கெட் மொதமொதல்ல 1975 டிசம்பர்ல நடந்தப்ப வந்தவங்க சுமார் 700 பேரு, பெரும்பாலும் பள்ளிக்கூடம் படிக்கற பொண்ணுங்க. ஆனா பின்னாடி ஊர் மனசுல பதிஞ்சது ஆம்பள உருவம்தான், கண்ணாடி, ஜீன்ஸ்க்குள்ள இன் பண்ண கட்டம் போட்ட சட்டை, தலைல பந்தனா, முதுகுப்பைல சுருட்டி சொருகின போஸ்டர். 1989ல நாலு சின்னப் புள்ளைங்கள கொன்ன கேஸ்ல மியாசாகி சுட்டோமுங்கறவன புடிச்சாங்க, அவன் ரூம் முழுக்க வீடியோ கேசட்டா அடுக்கி இருந்த போட்டோவ பத்திரிகையெல்லாம் போட்டுச்சு, அது வரைக்கும் நக்கலா இருந்தது அதுக்கப்பறம் பயமா மாறிருச்சு. கார்ட்டூன் பாக்கற பையன்னா பக்கத்து வீட்டுக்காரங்க சந்தேகமா பாக்கற நெலமை, அது கொறைய பல வருஷம் ஆச்சு. 2005ல டென்ஷா ஓட்டோக்கோன்னு படமும் டிவி தொடரும் வந்து ரசிகன கதாநாயகனா காட்டினாங்க, அதுலயும் பொண்ணு மனசுல எடம் புடிக்க அவன் முடி வெட்டி, கண்ணாடிய கழட்டி, புதுத்துணி மாத்திட்டுத்தான் போகணும். எனக்கு அந்த எடம் கடுப்பாத்தான் இருந்துச்சு.

இதே படங்க பணக்காரங்க சட்டைல ஏறினா யாரும் பெட்டி கட்ட மாட்டீங்க. 2021ல குச்சி (Gucci)ங்கற பெரிய ஃபேஷன் கம்பெனி டோரேமான்ங்கற கார்ட்டூன் பூனைய போட்டு வித்துச்சு, அதே வருஷம் லோவே (Loewe)ங்கற இன்னொரு ஃபேஷன் கம்பெனி டோட்டோரோங்கற அனிமே பட உருவத்த போட்டு பையும் சட்டையும் வித்துச்சு, அப்ப அது உயர்ந்த ரசனை. அதே டோரேமான நம்ம பையன் முந்நூறு ரூவா டீசர்ட்ல போட்டா வளராத கொழந்தை.

அப்பறம் உங்க கட்டுரைல போட்ட அந்த போட்டோ. நீல விக், நெத்தில பட்டை, இடுப்புல அட்டைக்கத்தியோட ஒரு பையன் நிக்கறான், கீழ 'அனிமே ரசிகர்களின் அன்றாட உடை'ன்னு போட்டுருக்கீங்க. அவன் போட்டுருக்கறது காஸ்ப்ளேங்க, கதைல வர்ற ஆளு மாதிரி வேஷம் கட்டறது, பின்னாடி காமிக் கான்ங்கற ரசிகர் விழாவோட ஸ்டால் பேனர் தெரியுது. சென்னைல 2024 பிப்ரவரில நந்தம்பாக்கத்துல நடந்துச்சே, அந்த மாதிரி எடத்துக்கு ஒரு நாளைக்குன்னு மாசக்கணக்கா தைச்சு ஒட்டி மாட்டிட்டு போறது. டோக்கியோ காமிக் மார்க்கெட்ல வீட்டுல இருந்தே வேஷத்தோட வரக்கூடாது, அங்க வந்துதான் மாத்திக்கணும்னு விதியே வெச்சுருக்காங்க. குலசேகரப்பட்டினம் தசராவுல காளி வேஷம் கட்டின ஆள போட்டோ புடிச்சு, தூத்துக்குடி ஆளுங்க தெனம் இப்படித்தான் ஆபீஸ் போவாங்கன்னு எழுதினா நல்லாவா இருக்கும்?

கருப்பு டீசர்ட் ஆசையா போடற ரசிகருங்களும் இருக்கறாங்க, பை பூரா பேட்ஜ் குத்திக்கற புள்ளைங்களும் இருக்கறாங்க, போடட்டும், எனக்கு யாவாரம். ஆனா அந்த பெட்டிய படிச்சுட்டு எங்க பக்கத்து வீட்டுக்காரரு பொண்ணோட ஹூடிய எடுத்து ஒளிச்சு வெச்சுட்டாரு, அந்த புள்ள அனிமே பாக்கறதே கெடையாது, ஏசி கிளாஸ்ல குளுருதுன்னு போடுது. அடுத்த ஞாயித்துக்கெழம இணைப்புல அந்த போட்டோவுக்கு கீழ இருக்கற வரிய திருத்தி 'காஸ்ப்ளே உடை'ன்னு ஒரு வரி போட்டுருங்க, பெட்டிக்கு பதிலா ரசிகருங்க நாலு பேர நேர்ல பாத்து பேசி போடுங்க. எங்க செக்கிங் அக்காவ கேட்டேன், பேசறேங்குது, போட்டோ மட்டும் வேண்டாமாம்.

இப்படிக்கு,
பிரிண்டிங் யூனிட் நடத்தும் வாசகர்,
திருப்பூர்.